மைக்கில் விழாத இரைச்சல்

2004 ஜனவரி 19 இரவு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், வெஸ்ட் டி மாய்ன் ஊரின் வால்-ஏர் அரங்கில் ஹோவர்ட் டீன் மேடை ஏறினார். வெர்மான்ட் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். அரசியலுக்கு வருமுன் மருத்துவர். ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜனநாயகக் கட்சிக்குள் நடக்கும் போட்டியில் அயோவாதான் அந்த ஆண்டின் முதல் பெரிய களம். அங்கே அவர் மூன்றாவதாக வந்திருந்தார். ஜான் கெர்ரிக்கு 38 சதவீதம், ஜான் எட்வர்ட்ஸுக்கு 32, டீனுக்கு 18. அரங்கில் நிறைந்திருந்தவர்கள் குளிரில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிய தொண்டர்கள். அவர்களைத் தேற்றியாக வேண்டும். சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டார். அடுத்து எந்தெந்த மாநிலங்களுக்குப் போகிறோம் என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். பெயருக்குப் பெயர் குரல் ஏறியது, முகம் சிவந்தது. கடைசியில் வெள்ளை மாளிகை என்று முடித்து, அடித்தொண்டையிலிருந்து ஒரு கூவல் விட்டார்.

அடுத்த நான்கு நாட்களில் அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அந்தக் கூவலை 600 தடவைக்கு மேல் ஒளிபரப்பின. இரவுநேர நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்குப் பல நாள் தீனி. பிப்ரவரி 18ஆம் தேதி டீன் போட்டியிலிருந்து விலகினார்.

கோபக்காரனை மக்கள் தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்ற பாடத்தை எல்லோரும் இதிலிருந்து படித்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஹிலாரி கிளின்டன் ஜனாதிபதித் தேர்தலுக்குத் தயாராகிறார் என்ற பேச்சு எழுந்தபோது, குடியரசுக் கட்சியின் அன்றைய தலைவர் கென் மெல்மன் அதையே ஆயுதமாக எடுத்தார். ஹிலாரியிடம் கோபம் அதிகம் தெரிகிறது, அமெரிக்கர்கள் கோபக்கார வேட்பாளர்களைத் தேர்ந்தெடுத்த வரலாறு இல்லை என்றார். பத்து ஆண்டுகள் போயின. 2016 ஜனவரியில் அதே குடியரசுக் கட்சியின் விவாத மேடையில் டொனால்டு டிரம்ப் தன் கோபத்தை மறைக்கவில்லை. கோபக்காரன் என்ற பட்டத்தை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன் என்றார். அந்த ஆண்டு நவம்பரில் ஹிலாரியைத் தோற்கடித்து ஜனாதிபதியானார்.

டீனைக் கவிழ்த்த கோபம் டிரம்பை எப்படித் தூக்கிவிட்டது? நாடு மாறிவிட்டது, காலம் கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது போதவில்லை. டீன் கதையையே நாம் தவறாகப் படித்திருக்கிறோம் என்பது என் எண்ணம்.

ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் டீன் கூவினார். தோற்ற பிறகு எழுந்த சத்தம் தோல்விக்குக் காரணமாக முடியாது. அதற்கு முந்தைய ஆண்டைப் பார்த்தால் கோபம் அவருக்குச் செய்த உபகாரம் தெரியும். 2003இல் இராக் போர் தொடங்கியபோது ஜனநாயகக் கட்சியின் பெருந்தலைகள் பலர் அதற்கு ஆதரவாக வாக்களித்திருந்தார்கள், அல்லது வாய்மூடி இருந்தார்கள். சின்னஞ்சிறு மாநிலமொன்றின் முன்னாள் ஆளுநர் வெளிப்படையாகக் கொதித்தார். உள்ளுக்குள் குமுறிக்கொண்டிருந்த கட்சிக்காரர்களுக்கு நம் வயிற்றெரிச்சலைச் சொல்ல ஒருவர் வந்துவிட்டார் என்று இருந்தது. இணையம் வழியாகப் பணம் குவிந்தது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் சுமார் ஒன்றரைக் கோடி டாலர், அதில் பெரும்பங்கு சிறு சிறு தொகைகள். யாரென்றே தெரியாத மனிதர் ஆண்டு முடிவதற்குள் கருத்துக்கணிப்புகளில் முன்னணிக்கு வந்துவிட்டார்.

கோபத்தின் இந்த வேலையை ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். நிகோலஸ் வலன்டீனோவும் அவருடைய சகாக்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, பல தேர்தல்களின் கருத்துக்கணிப்புத் தரவையும் ஆய்வகச் சோதனையையும் சேர்த்துப் பார்த்தது. பயம், உற்சாகம், கோபம் மூன்றில் எது மனிதனை நாற்காலியிலிருந்து எழுப்பி வேலை செய்ய வைக்கிறது? கூட்டத்துக்குப் போவது, பணம் கொடுப்பது, பிரசாரத்துக்கு உழைப்பது என்று நேரமும் பணமும் தேவைப்படும் காரியங்களில் கோபமே முன்னே நின்றது. பயந்தவன் விசாரிக்கிறான், தயங்குகிறான். கோபம் வந்தவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறான்.

ஏன் இப்படி? இதற்கு நம் தொல்காப்பியத்திலிருந்து தொடங்குவது எனக்குப் பிடிக்கும். மெய்ப்பாட்டியலில் எட்டு உணர்ச்சிகளையும், ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணங்களையும் தொல்காப்பியர் வகுக்கிறார். வெகுளிக்கு அவர் தரும் காரணங்கள்: உறுப்பை அறுத்தல், தன்னைச் சார்ந்தவர்களுக்குக் கேடு செய்தல், வைதும் அடித்தும் அலைக்கழித்தல், கொல்லுதல். நான்கிலும் செய்தவன் ஒருவன் இருக்கிறான். அச்சத்துக்கான நான்கும் வேறு மாதிரி: தெய்வம், விலங்கு, கள்வர், அரசன். எதிர்த்து நிற்க முடியாத வலிமையின் முன்னால் பிறப்பது அச்சம். தனக்கோ தன்னைச் சேர்ந்தவர்களுக்கோ ஒருவன் இழைத்த தீங்கிலிருந்து பிறப்பது வெகுளி.

இன்றைய உளவியல் ஏறக்குறைய இதே கோட்டைப் போடுகிறது. ஜெனிஃபர் லெர்னர் தலைமையிலான குழு, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு இரண்டு மாதம் கழித்து ஏறத்தாழ 1,000 அமெரிக்கர்களிடம் ஒரு சோதனை நடத்தியது. அந்தச் சம்பவத்தை நினைத்துச் சிலரைப் பயத்தில் ஊறவிட்டார்கள், சிலரைக் கோபத்தில். பிறகு, இனி என்ன ஆபத்துகள் வரலாம் என்று கேட்டார்கள். பயத்தில் இருந்தவர்கள் ஆபத்தைக் கூட்டிச் சொன்னார்கள். கோபத்தில் இருந்தவர்கள் குறைத்துச் சொன்னார்கள். அவர்கள் பழிவாங்கும் நடவடிக்கைகளை விரும்பினார்கள். பயந்தவர்கள் சமாதானப் போக்கை. நிகழ்ச்சி ஒன்றேதான், எந்த உணர்ச்சியின் வழியாக அதைப் பார்த்தார்கள் என்பது மட்டுமே வேறு. கோபம் நமக்கு ஒரு குற்றவாளியைத் தருகிறது, அவனை வெல்ல முடியும் என்ற தெம்பையும் தருகிறது. வேட்பாளருக்கு இதைவிட என்ன வேண்டும்?

வேண்டியது இன்னொன்று உண்டு. அது தெரியாமல்தான் டீன் அயோவாவில் அகப்பட்டுக்கொண்டார்.

அயோவாவில் ஜனநாயகக் கட்சியினர் அப்போது ஓட்டுப்பெட்டியில் சீட்டுப் போடவில்லை. ஊர்க்கூட்டம்தான்; காகஸ் என்பார்கள். ஒரு பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ அக்கம்பக்கத்தவர்கள் கூடி, அவரவர் வேட்பாளருக்கு ஒரு மூலை என்று பிரிந்து நிற்பார்கள். பெரும்பாலான கூட்டங்களில், வந்தவர்களில் 15 சதவீதமாவது சேராத மூலை கலைய வேண்டும். கலைந்தவர்கள் வேறு மூலைக்குப் போகலாம். மற்ற மூலைக்காரர்கள் வந்து இங்கே வாங்க என்று அழைப்பார்கள். ஆக, உங்களை உயிராக நேசிக்கும் ஆட்கள் மட்டும் இருந்தால் போதாது. தம் ஆள் தோற்றுவிட்ட நிலையில், சரி, இவராவது வரட்டும் என்று நினைக்க ஆட்கள் வேண்டும்.

டீனின் மூலையில் நின்றவர்கள் பலர் வெளியூர்த் தொண்டர்கள் அழைத்து வந்தவர்கள், உறுதியானவர்கள். மற்ற மூலைகளிலிருந்து நகர்ந்து வந்தவர்கள் குறைவு. கடைசி வாரங்களில் டீனும் டிக் கெப்ஹார்ட்டும் விளம்பரங்களில் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். பார்த்துச் சலித்தவர்கள், சிரித்த முகத்தோடு பேசிய எட்வர்ட்ஸிடமும் நிதானமான கெர்ரியிடமும் போனார்கள். கெப்ஹார்ட்டுக்குக் கிடைத்தது 11 சதவீதம். மறுநாளே அவர் ஒதுங்கிவிட்டார்.

இதே கதை ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு பிரான்ஸில், இதைவிடக் கனத்த துயரத்தின் பின்னணியில் நடந்தது. 2015 நவம்பர் 13ஆம் தேதி பாரிஸில் பயங்கரவாதத் தாக்குதலில் 130 பேர் கொல்லப்பட்டார்கள். மூன்றே வாரங்களில் பிராந்தியத் தேர்தல். பயம் தீவிர வலதுசாரிகளுக்கு ஓட்டாக மாறும் என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். பவ்லோஸ் வாசிலோபுலோஸ், ஜார்ஜ் மார்கஸ், வலன்டீனோ, மார்சியல் ஃபூகோ ஆகியோர் பெரிய கருத்துக்கணிப்பொன்றின் தரவைப் பிரித்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. தாக்குதலால் கோபம் அடைந்தவர்கள்தான் மரீன் லெ பென்னின் தேசிய முன்னணியை நோக்கிச் சாய்ந்தார்கள். பயந்தவர்களிடம் அந்தச் சாய்வு குறைந்தது. மார்கஸ் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவதும் இதுதான்: பதற்றம் பழைய பழக்கத்தை நிறுத்தி யோசிக்க வைக்கிறது, கோபம் ஏற்கெனவே இருக்கும் நம்பிக்கையைக் கெட்டிப்படுத்துகிறது.

முதல் சுற்றில் தேசிய முன்னணிக்கு ஏறத்தாழ 28 சதவீதம் கிடைத்தது. 13 பிராந்தியங்களில் ஆறில் முதலிடம். ஒரு வாரம் கழித்து இரண்டாம் சுற்று. முதல் சுற்றில் பாதிப் பேர்தான் ஓட்டுப் போட்டிருந்தார்கள். இரண்டாம் சுற்றில் அது 58 சதவீதமாக உயர்ந்தது. சோசலிஸ்ட் கட்சி வடக்கிலும் தெற்கிலும் தன் வேட்பாளர் பட்டியலையே விலக்கிக்கொண்டு, தன் வழக்கமான எதிரியான மிதவாத வலதுசாரிக் கட்சிக்கு ஓட்டுப் போடுங்கள் என்று தன் ஆட்களிடம் கேட்டது. தேசிய முன்னணிக்கு ஒரு பிராந்தியம்கூடக் கிடைக்கவில்லை.

கோபம் தன் ஆட்களை எழுப்பும்போது தெருவின் எதிர்ச்சாரியில் தூங்கிக்கொண்டிருப்பவர்களையும் எழுப்பிவிடுகிறது. ஆறு முனைப் போட்டியில் 28 சதவீதம் பெரிய பரிசு. இரு முனைப் போட்டியில் அது தோல்வி. ஆகவே ஒரு வேட்பாளருக்குக் கோபம் உதவுமா என்று யாராவது என்னைக் கேட்டால், அந்த ஊரில் ஓட்டு எப்படி எண்ணுகிறார்கள் என்று திருப்பிக் கேட்பேன். டிரம்புக்கு 2016இல் உட்கட்சிப் போட்டியின் தொடக்கத்தில் பதினொரு போட்டியாளர்களாவது இருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இதுவரை வாக்காளரின் கோபத்தைப் பற்றிச் சொன்னேன். மேடையில் நிற்பவரின் கோபம் பார்ப்பவருக்கு என்ன செய்கிறது? 1980களில் டார்ட்மத் கல்லூரியில் ஒரு குழு, பார்வையாளர்களின் முகத்தில் மின்முனைகளை ஒட்டி, ரொனால்டு ரீகனின் தொலைக்காட்சித் துண்டுகளைப் போட்டுக் காட்டியது. சிலவற்றில் அவர் மலர்ந்த முகத்தோடு இருப்பார், சிலவற்றில் மிரட்டும் கோபம், சிலவற்றில் நழுவும் பார்வை. பார்த்தவர்களில் ரீகனின் ஆதரவாளர்களும் உண்டு, எதிரிகளும் உண்டு. எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்டபோது ஒவ்வொருவரும் தம் கட்சிக்கு ஏற்பச் சொன்னார்கள். முகத்தசைகளில் அந்தப் பிரிவு அவ்வளவாக இல்லை. ரீகன் மலர்ந்தால் இவர்கள் முகத்திலும் சிறு தளர்வு, அவர் முறைத்தால் இவர்கள் புருவத்திலும் சுருக்கம். எதிரியின் முகத்தைக்கூட நம் முகம் ஒரு கணம் போட்டுப் பார்த்துவிடுகிறது. பிறகுதான் மூளை வந்து, இவன் நம் ஆள் இல்லை என்கிறது. 1985இல் வந்த இந்த ஆய்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

லாரிசா டீடன்ஸ் 2001இல் வெளியிட்ட சோதனைக்கு பில் கிளின்டனே மூலப்பொருள். 1998 ஆகஸ்டில் மோனிகா லெவின்ஸ்கி விவகாரத்தில் அவர் அளித்த சாட்சியத்திலிருந்து, கோபமாகப் பேசும் பகுதியைச் சிலருக்கும் வருத்தமாகப் பேசும் பகுதியைச் சிலருக்கும் காட்டினார். கோபப் பகுதியைப் பார்த்தவர்களே, இவர் பதவியில் நீடிக்கட்டும் என்று அதிகம் சொன்னார்கள். கோபப்படுகிறவன் திறமைசாலியாகத் தெரிகிறான், வருந்துகிறவன் நல்லவனாகத் தெரிகிறான். பதவி என்று வந்தால் திறமைசாலிக்கே கை நீள்கிறது என்பது அவருடைய விளக்கம்.

அப்படியானால் கோபப்படாதவனுக்கு என்ன ஆகும்? 1988 அக்டோபர் 13ஆம் தேதி லாஸ் ஏஞ்சலீஸில் நடந்த விவாதத்தில் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் மைக்கேல் டுகாக்கிஸ் மரண தண்டனையை எதிர்ப்பவராக நின்றார். நெறியாளர் பெர்னார்ட் ஷா எடுத்த எடுப்பில் கேட்ட கேள்வி இன்று படித்தாலும் திடுக்கிட வைக்கும்: உங்கள் மனைவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டால், அந்தக் கொலைகாரனுக்கு மரண தண்டனை கொடுக்கலாம் என்பீர்களா? மனைவியின் பெயரையே சொல்லிக் கேட்டார். டுகாக்கிஸ் இல்லை என்றார். தண்டனை குற்றத்தைத் தடுக்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்று அமைதியாக விளக்கிவிட்டு, போதைப்பொருள் ஒழிப்புத் திட்டத்துக்குப் போய்விட்டார். கொள்கையில் ஒரு பிழையும் இல்லை. அந்தப் பதிலின் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் தொல்காப்பியர் அடுக்கிய காரணங்களில் இரண்டு அந்த ஒரே கேள்விக்குள் இருந்தன. காரணம் கண்முன்னே கிடக்கிறது, கோபத்தைக் காணவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஏதோ குறைந்தது. அந்தத் தேர்தலில் அவர் 40 மாநிலங்களை இழந்தார். அந்த ஒரு பதிலால் இழந்தார் என்று சொல்ல முடியாது, அதற்கு முன்பே பின்தங்கியிருந்தார்.

இதற்கு மறுபக்கம் 1980 பிப்ரவரி 23, நியூ ஹாம்ப்ஷயரின் நாஷுவா நகரம். குடியரசுக் கட்சியின் உட்கட்சிப் போட்டியில், அயோவாவில் ஜார்ஜ் புஷ்ஷிடம் தோற்றுவிட்டு வந்திருந்தார் ரீகன். உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்று இருவருக்கும் மட்டும் விவாதம் ஏற்பாடு செய்திருந்தது. பத்திரிகை செலவு செய்வது தேர்தல் சட்டப்படி சிக்கல் என்று ஆனதும், செலவை ரீகன் தரப்பு ஏற்றது. விடுபட்ட மற்ற நான்கு வேட்பாளர்களையும் அவர் அரங்குக்கு அழைத்து வந்துவிட்டார். அவர்களுக்கு உட்கார இடமில்லை, மேடையில் நின்றுகொண்டிருந்தார்கள். ரீகன் அவர்களுக்காகப் பேச ஆரம்பித்ததும் நெறியாளர் மைக்கை அணைக்கச் சொன்னார். ரீகனின் முகம் மாறியது. இந்த மைக்குக்குப் பணம் கட்டியவன் நான் என்று அதிர்ந்தார். அவசரத்தில் நெறியாளரின் பெயரைக்கூட மாற்றிச் சொல்லிவிட்டார். அரங்கம் கைதட்டலில் கிழிந்தது. நின்றிருந்த நான்கு போட்டியாளர்களும் சேர்ந்து தட்டினார்கள். புஷ் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் கழித்து ரீகன் சுமார் 50க்கு 23 சதவீதம் என்று வென்றார்.

அது நல்ல கோபமாகத் தெரிந்ததற்குக் காரணம் எளிது. அநியாயம் எல்லோர் கண்முன்னேயும் நடந்தது. நான்கு பேர் நிற்கிறார்கள், ஒருவரின் வாயை அடைக்கிறார்கள். ரீகனின் குரல் உயருமுன்பே கூட்டத்தின் குரல் உயர்ந்திருந்தது.

இந்தச் சலுகை எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதுதான் இந்தத் துறையில் எனக்கு மனம் கசக்கும் பகுதி. விக்டோரியா பிரெஸ்காலும் எரிக் ஊல்மனும் 2008இல் வெளியிட்ட சோதனைகளில், வேலைக்கான நேர்காணலில் கோபத்தை வெளிக்காட்டிய ஆணுக்கு மதிப்புக் கூடியது. அதே சொற்களில் கோபப்பட்ட பெண்ணுக்குக் குறைந்தது. கருதப்பட்ட திறமையும், தரலாம் என்று சொல்லப்பட்ட சம்பளமும் குறைந்தன. ஆணின் கோபத்துக்குச் சூழ்நிலையைக் காரணம் காட்டினார்கள். பெண்ணின் கோபத்துக்கு அவள் சுபாவத்தை. மெல்மன் ஹிலாரியைப் பற்றிப் பேசியதும் இதே நடையில்தான்: எதற்காகக் கோபம் என்ற கேள்வியே அதில் வரவில்லை. ஆனால் சோதனையில், கோபத்துக்கான வெளிக்காரணத்தைப் பெண்ணே எடுத்துச் சொன்னபோது அந்தத் தண்டனை பெருமளவு கரைந்தது. டேவின் ஃபீனிக்ஸ் 2019இல் எழுதிய நூலில், கறுப்பின அமெரிக்கர்களிடம் தேர்தல் வேலைக்குக் கிளப்பும் சக்தி கோபத்துக்கு, வெள்ளையர்களிடம் உள்ள அளவுக்கு இல்லை என்று காட்டுகிறார். அவர்களுடைய கோபத்தை மற்றவர்கள் மிரட்டலாகவே கேட்டுப் பழகிவிட்டார்கள் என்பது அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று. காரணத்தைச் சொன்னாலும் காதில் வாங்காத இடத்தில், கோபப்படுவதே ஒரு ஆபத்து.

இங்கிருந்து வால்-ஏர் அரங்குக்குத் திரும்புகிறேன். டீன் கையில் இருந்தது ஒரு திசையிலிருந்து மட்டும் ஒலியை வாங்கும் மைக். சுற்றுப்புற இரைச்சலை ஒதுக்கி, பேசுகிறவரின் குரலை மட்டும் தொலைக்காட்சிக்கு அனுப்புவதற்காக வடிவமைக்கப்பட்டது. ஒலிப்பதிவாளர்கள் அதை விரும்புவதற்கும் அதுதான் காரணம். அன்று அது தன் வேலையைக் குறையில்லாமல் செய்தது. ஆயிரக்கணக்கானோர் போட்ட கூச்சலை முழுவதுமாக வடித்துவிட்டு, அந்தக் கூச்சலுக்கு மேலே எழும்ப முயன்ற ஒரு தனி மனிதனின் குரலை மட்டும் வீடுகளுக்குள் இறக்கியது. நாஷுவாவைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குக் கைதட்டலும் கேட்டது, நின்றிருந்த நால்வரும் தெரிந்தார்கள். அயோவாவைப் பார்த்தவர்களுக்கு வெறும் முகமும் குரலும்தான். காரணம் அறுந்த கோபம் கிறுக்குத்தனமாகத் தெரியும். பெண்களுக்கு எந்த மைக்கும் இல்லாமலே இது நாள்தோறும் நடக்கிறது.

இன்று அந்த மைக் ஒவ்வொருவர் பாக்கெட்டிலும் இருக்கிறது. பேச்சிலிருந்து பதினைந்து விநாடியை வெட்டி எடுத்து அனுப்புகிறோம். முன்னால் என்ன நடந்தது, எதிரே யார் நின்றார்கள் என்பது வெட்டில் போய்விடுகிறது. வில்லியம் பிரேடியின் குழு 2017இல் 5,63,312 ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்தது. அறமும் உணர்ச்சியும் கலந்த ஒவ்வொரு சொல்லும் அந்தப் பதிவு பரவும் வாய்ப்பை ஏறத்தாழ 20 சதவீதம் கூட்டியது. ஆனால் பரவியது பெரும்பாலும் சொந்தக் கூட்டத்துக்குள். எதிர்த்தரப்புக்குள் அவ்வளவாகப் போகவில்லை. டீனின் மூலையில் ஆள் சேர்ந்ததும், பக்கத்து மூலையிலிருந்து ஆள் வராததும் இப்படித்தான்.

அந்த இரவு அரங்கில் இருந்த சிலர் கைக்கேமராவில் படம் பிடித்திருந்தார்கள். சில நாட்கள் கழித்து ஏபிசி தொலைக்காட்சிக்காக டயான் சாயர் அவற்றைத் தேடி வாங்கி ஒளிபரப்பினார். தலைகளுக்கு மேலே கொடிகள் ஆடுகின்றன. அந்தத் தலைகளுக்கு அப்பால் டீன் சின்னதாகத் தெரிகிறார், கையை வீசுகிறார், வாய் அசைகிறது. எந்த இடத்தில் கூவினார் என்று கண்டுபிடிப்பதே கடினம். பக்கத்தில் நின்றவர்களின் சத்தத்தில் அது மூழ்கிப் போயிருக்கிறது.